எம்ஜிபி (MGB, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) முன்பக்க சஸ்பென்ஷன், பழைய பார்ட்ஸையே வச்சு சரி பண்ணினது

பள்ளத்துல இறங்குறப்பெல்லாம் முன்னாடி டொக் டொக்னு சத்தம், கழட்டிப் பாத்தா லோயர் விஷ்போன், அதாவது வீல தாங்குற கீழ் ஆர்ம், அதோட மூட்டுல இருக்குற புஷ் ரப்பர் எல்லாம் நசுங்கி வெடிச்சுப் போயிருந்துச்சு. ஆனா ஆர்ம் எதுவும் வளையல, அரிக்கல, அப்புறம் எதுக்கு புதுசு வாங்கணும்? வயர் பிரஷ் போட்டு துருவ எடுத்து, பிரைமர் அடிச்சு, கறுப்பு பெயிண்ட் ரெண்டு கோட், அவ்ளோதான்.

காசு செலவு பண்ணினது புஷ்ஷுக்கு மட்டும்தான், அதுலயும் எம்ஜிபியோட வி8 இன்ஜின் மாடல் புஷ் போட்டேன், உள்ள மெட்டல் ஸ்லீவ் இருக்குறதால சாதா ரப்பர விட ரொம்ப நாள் தாங்கும். லீவர் ஆர்ம் டேம்பர்ல (பழைய மாடல் ஷாக் அப்சார்பர்) லீக் இல்ல, ஆயில் டாப்-அப் பண்ணினதோட சரி. கிங்பின்னுக்கு (வீல் திரும்புற அச்சு) கிரீஸ்.

ஸ்பிரிங் கழட்டுறப்ப தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க, ஸ்பிரிங் பான்ல (ஸ்பிரிங்க கீழ தாங்குற தட்டு) நீளமான போல்ட் போட்டு கொஞ்சங்கொஞ்சமா இறக்குங்க, அது தெறிச்சா கை போயிடும்.

முதல்ல வண்டி ஜாக்ல தொங்கிட்டு இருக்கும்போதே புஷ்ஷ பிடிக்கிற நட்ட முழுசா முறுக்கிட்டேன், அது தப்பு, ரப்பர் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழிஞ்சிடும். திரும்ப லூஸ் பண்ணி, வீல் தரையில நின்னு முழு வெயிட்டும் வந்தப்புறம் டைட் பண்ணினேன். இப்ப சத்தமே இல்ல, ஸ்டியரிங்கும் நேரா நிக்குது.