ரோரிக்கின் இமயத்தைப் பார்க்கும் விதம்: ஒரு படுதாக்காரன் சொல்வது

ஸ்பெஷல் நாடகங்களுக்குக் காட்டு சீன், தர்பார் சீன் என்று படுதா எழுதிய கை என்னுடையது. இப்போது மகள் வீட்டோடு பெங்களூரில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் குமாரகிருபா சாலையில் இருக்கிற சித்ரகலா பரிஷத் என்கிற கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போவேன். நிக்கோலாய் ரோரிக் எழுதிய இமயமலைப் படங்கள் அங்கே நிரந்தரமாக இருக்கின்றன. வருகிறவர்களில் பாதிப் பேர் ஐந்தே நிமிடத்தில் "எல்லாம் மலைதானே" என்று வெளியே வந்துவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாள். ஜனவரியில் நடக்கும் சித்திரச் சந்தை அன்று போகாதீர்கள். சாலை முழுக்கப் படம் விற்பார்கள், அது வேறு கொண்டாட்டம். மலை பார்க்க வார நாள் காலைதான் சரி. கூடம் திறந்திருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஆளைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். 1874இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். 1928இல் இமாசலப் பிரதேசத்துக் குல்லு பள்ளத்தாக்கின் நக்கரில் குடியேறி, 1947இல் அங்கேயே இறந்தார். அதற்கு முன்னால் அவர் நாடக மேடைக்குக் காட்சி வரைந்தவர். நான் அவரிடம் ஒட்டிக்கொண்டது இதனால்தான். 1913இல் பாரிஸில் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' என்கிற பாலே நடனம் அரங்கேறி, பார்க்க வந்தவர்களே கூச்சல் போட்டார்களே, அந்த ஆட்டத்துக்கு மேடைக்காட்சியும் உடையும் இவர் வரைந்தவை. பிற்பாடு இமயத்துக்கு வந்தபோதும் மேடைக்காரரின் கண் அவரை விட்டுப் போகவில்லை. அவரையும் மனைவி ஹெலினாவையும் ஞானிகளாக வணங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பக்கம் ஈடுபாடில்லை, படம் போதும்.

கூடத்துக்குள் நுழைந்ததும் படத்துக்குக் கிட்டே போகாதீர்கள். எதிர்ச் சுவரில் முதுகு படும்படி நில்லுங்கள். இவருடைய மலைப்படங்களில் பல 12க்கு 18 அங்குலம்தான், ஒரு அட்டை அளவு. சின்னப் படம் என்றால் கிட்டப்போய்ப் பார்க்கத்தான் கால் இழுக்கும். ஆனால் கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரிகிற மாதிரி எழுதியவை இவை. கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். மூன்று நான்கு தட்டையான துண்டுகளாகப் படம் பிரியும்: அடியில் கருத்த பாறை, அதன் மேல் மூடுபனி, அப்புறம் சிகரம், பின்னால் வானம்.

அந்தத் துண்டுகளை வரிசையாகக் கவனியுங்கள். எங்கள் தொழிலில் பாலபாடம், தூரமாகப் போகப்போக நிறம் வெளுக்க வேண்டும், ஓரம் மங்க வேண்டும் என்பது. ரோரிக் பல படங்களில் இதைத் திருப்பிப் போடுகிறார். நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கைப் பனியால் அழித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும் சிகரத்தைக் கத்தியால் வெட்டியதுபோல் விடுகிறார். உயரத்தில் காற்று மெலிந்து தூசி குறைந்திருப்பதால் தூரத்து மலையும் தெளிவாகத் தெரியும். மலையில் வாழ்ந்தவர், கண்டதை எழுதியிருக்கிறார். காஞ்சன்ஜங்கா படம் ஏதாவது மாட்டியிருந்தால் இதை அதில் பாருங்கள்: காலுக்கும் தலைக்கும் நடுவே மலையின் உடம்பே இருக்காது, சிகரம் மட்டும் தனியாக மிதக்கும்.

அடுத்தது ஆள் தேடுவது. சில படங்களில் கீழ் ஓரத்துப் பாறையில் ஒரு துறவியோ குதிரைக்காரனோ விரல்நகம் அளவில் இருப்பார். எட்ட நின்றபடியே கட்டைவிரலை நீட்டி அந்த ஆளை மறையுங்கள். மலை சட்டென்று கூழாங்கல்லாகிவிடும். விரலை எடுத்தால் மறுபடி வளரும். குழந்தைகளைக் கூட்டிப்போனால் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள், அப்புறம் அவர்களை வெளியே இழுத்து வருவதுதான் கஷ்டம்.

இப்போது கிட்டே போகலாம். நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று வெளிச்சம் படும் இடத்தைப் பாருங்கள். படத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தால் அதன் பளபளப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்குள்ளே இருக்கும் நிறம் மினுங்காது. இவை பெரும்பாலும் டெம்பரா, அதாவது முட்டையோ பசையோ சேர்த்துக் குழைத்த வண்ணம், எண்ணெய் வண்ணம் இல்லை. நாங்கள் வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் பொடிக்கலரில் கலந்து எழுதுவதும் இதற்குச் சித்தப்பா முறைதான். காய்ந்தால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கலாக நிற்கும், விளக்கு வெளிச்சம் பட்டாலும் கூசாது. நீலத்துக்குள் அந்த ஆழம் வருவது இந்த மங்கலால்தான். அதே வளாகத்தில் மகன் ஸ்வெதஸ்லாவின் படங்களும் உண்டு (நடிகை தேவிகா ராணியின் கணவர், 1993இல் பெங்களூரில் காலமானார்). அப்பா படம் ஒன்று, மகன் படம் ஒன்று என்று மாறி மாறிப் பாருங்கள், மலையை இருவரும் எப்படி விதவிதமாக நடத்தியிருக்கிறார்கள் என்று புரியும்.

போனில் படம் எடுப்பதால் பயனில்லை, அதில் நீலம் பொய்யாக ஏறிவிடும். ஒரு சின்ன நோட்டில் பேனாவால் நான்கு கோடு போட்டு, எந்தத் துண்டு என்ன நிறம் என்று எழுதிக்கொள்ளுங்கள்: கத்தரிப்பூ நீலம், சாம்பல், பழுத்த மஞ்சள், இப்படி. ஐந்து படம் போதும். தலைப்புச் சீட்டைக் கடைசியில் படியுங்கள், முதலில் படித்தால் கண் அதற்கு அடிமையாகிவிடும்.

நாகர்கோவில் பக்கத்து ஆட்களுக்கு பெங்களூர் தூரம். திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்து ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தில் ரோரிக் படங்கள் உண்டு. இமயம் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் மணாலியோடு திரும்பாமல் நக்கரில் இறங்கி, அவர் வாழ்ந்த வீட்டையும் படங்களையும் பார்க்கலாம். இந்திய அரசு தேசியக் கலைச்செல்வமாக அறிவித்த ஒன்பது ஓவியர்களில் இவரும் ஒருவர், அதனால் இங்கே இருக்கும் இவர் படங்களை வெளிநாட்டுக்கு விற்க முடியாது. இந்த வருடம் முடியாவிட்டால் அடுத்த வருடம் போங்கள்.