பல் தொடர்பான அவசர நிலைகளில் எதற்கு உடனே ஓட வேண்டும்?

வலி எவ்வளவு கடுமையானது என்பதை மட்டும் வைத்து அவசரத்தை முடிவு செய்வது சரியன்று. இரவு முழுவதும் தூங்கவிடாத பல்வலி பெரும்பாலும் மறுநாள் காலை வரை காத்திருக்கக்கூடியது. வலி ஓரளவு தணிந்திருந்தாலும், தாடைக்கு அடியில் தோன்றிய வீக்கம் கழுத்தை நோக்கியோ கண்ணை நோக்கியோ பரவினால் காத்திருக்கக் கூடாது. வீக்கத்துடன் காய்ச்சல், வாயைத் திறக்க இயலாமை, எச்சில் விழுங்குவதில் சிரமம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும், பல் மருத்துவரின் நேரத்தை எதிர்பார்க்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

நிமிடக் கணக்கில் செயல்பட வேண்டியது, அடிபட்டு நிலைப்பல் வேரோடு விழும்போதுதான். வேரின் மேல் ஒட்டியுள்ள மெல்லிய திசுவின் உயிரணுக்கள் உலர உலர இறந்துபோகும். பல் மீண்டும் பொருந்தி நிற்பது அவற்றை நம்பியே இருக்கிறது. ஆகவே வேரைத் தொடாமல், கடிக்கும் பகுதியைப் பிடித்துப் பல்லை எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ உப்புநீர்க் கரைசலிலோ, அவை இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரிலோ சில நொடிகள் மட்டும் அலசுங்கள். தேய்க்கவோ துடைக்கவோ வேண்டாம். அடிபட்டவர் நல்ல நினைவோடு இருந்தால், பல்லை அதே குழியில் திசை மாறாமல் வைத்து, சுத்தமான துணியை மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்லி, உடனே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அப்படி வைக்க முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துச் செல்லலாம். வெறும் தண்ணீரில் ஊற வைப்பது அந்த உயிரணுக்களைக் கெடுத்துவிடும். 30 நிமிடங்களுக்குள் பொருத்தினால் வாய்ப்பு மிகுதி. குழந்தையின் பால்பல்லைத் திரும்பப் பொருத்த முயலக் கூடாது. கீழே வளரும் நிலைப்பல்லுக்கு அது ஊறு செய்யலாம். தலையிலும் அடிபட்டு, மயக்கமோ வாந்தியோ இருந்தால் பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், மருத்துவமனைதான் முதலில்.

பல் உடைந்தால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். சில வேளைகளில் அதையே ஒட்டிவிடலாம்.

வலிக்குப் பாராசிட்டமால் போன்ற மாத்திரையை உறையில் குறித்த அளவில் விழுங்கலாம். ஆஸ்பிரினை ஈறின்மேல் வைத்து அழுத்தும் பழக்கம் திசுவைப் புண்ணாக்குவதைத் தவிர வேறெதற்கும் உதவாது. பற்கூழின் (பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான பகுதியின்) அழற்சியால் வரும் வலியை, வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் தீர்க்காது. பல்லுக்கே சிகிச்சை செய்தாக வேண்டும்.

பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் கசிந்தால், மடித்த சுத்தமான துணியை அங்கே வைத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் 20 நிமிடங்கள் அழுத்திக் கடித்திருங்கள். வாய் கொப்பளித்தால் உறைந்த இரத்தம் கலைந்துவிடும். 20 நிமிடங்கள் அழுத்திய பிறகும் இரத்தம் நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல் அவரிடம் தெரிவிக்க வேண்டும்.