கிடாய் வருஷம் முழுக்க மந்தையில் நின்றால்

பதினைந்து, இருபது செம்மறி வைத்திருக்கும் வீட்டில் ஓர் ஆட்டைக் காட்டி, "இது எப்போது குட்டி போடும்?" என்று கேட்டுப் பாருங்கள். மடியைத் தடவிவிட்டு, "பத்து நாளில் போட்டுவிடும்" என்பார்கள். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் மடி இறங்கிய பிறகு தெரிந்து என்ன பயன்? வயிற்றுக் குட்டி எடை பிடிப்பது பெரும்பாலும் கடைசி ஆறு வாரத்தில்தான். தாய்க்குத் தீவனம் கூட்ட வேண்டிய காலம் அதற்குள் போய்விட்டிருக்கும்.

நாள் தெரியாமல் போவதற்குக் காரணம், கிடாயைத் தனியே கட்டாததுதான். இந்த ஒரு தவறிலிருந்துதான் மற்ற பலதும் முளைக்கின்றன. மாதத்துக்கு இரண்டு மூன்று குட்டி விழும். ஒன்று நடக்கப் பழகும்போது இன்னொன்று புல் கடிக்கும். தடுப்பூசி, குடற்புழு மருந்து, பால்குடி மறக்கடிப்பது எதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள முடியாது.

கணக்கு எளிதுதான். பெட்டை ஆடு 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 150 நாள். கிடாயை மூன்று சுற்றுக்கு, அதாவது 51 நாள் மட்டும் சேர்த்துவிட்டால் குட்டிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயதில் நிற்கும். நாங்கள் வைத்திருப்பது மேச்சேரி இனச் செம்மறி. ஆடியில் கிடாய் சேர்த்தால் மார்கழியில் குட்டி விழ ஆரம்பிக்கும். ஐப்பசி மழைக்குத் தழைத்த கொழுக்கட்டைப்புல் கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், அப்போது இருக்கும், தாய்க்குப் பால் ஊறும். பனிதான் தொந்தரவு, இளங்குட்டியை இரவில் கொடாப்பு என்கிற கவிழ்கூடைக்குள் வைத்துக் காக்க வேண்டும். உங்கள் ஊர் மழை வேறு மாதிரி என்றால், புல் கிடைக்கும் மாதத்திலிருந்து ஐந்து மாதம் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

பெட்டை ஆடுகளுக்குச் சேர்க்கைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே தினம் 200 கிராம் அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு கலந்தது) கொடுப்பவர்கள் உண்டு. கிடாயை யாரும் நினைப்பதில்லை. விந்து உருவாகி முதிர ஏழு வாரம் வரை ஆகும். சித்திரை, வைகாசி வெயிலில் நிழலின்றிக் காய்ந்த கிடாயைத் திடீரென்று மந்தையில் விட்டால் அது ஏறும், சினை பிடிக்காது. பழி பெட்டை மேல் விழும்.

எனக்கு மிகவும் உறுத்துகிற தவறு வேறு. வியாபாரி வந்ததும் மந்தையிலேயே கொழுத்த கிடாய்க்குட்டியை நல்ல விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். விலை போகாமல் நின்ற சவலைக்குட்டி அடுத்த வருஷம் பொலிகிடாய், அதாவது இனவிருத்திக்கு விடும் கிடாய் ஆகிறது! நாலைந்து தலைமுறை இப்படிப் போனால் மந்தையே சிறுத்துவிடும். கிடாயை வெளி மந்தையிலிருந்து வாங்குங்கள், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அது தன் மகள்களையே சேரும். உறவுக்காரர் மந்தையோடு கிடாயை மாற்றிக்கொண்டால் செலவும் இல்லை.

அப்புறம் பால்குடி. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும் என்பது இப்போது பலருக்கும் தெரியும். மூன்று மாதத்தில் பிரிப்பதில்தான் சறுக்குகிறோம். 90 நாள் என்பது நன்றாக வளர்ந்த குட்டிக்கு. எடை பிறந்தபோது இருந்ததைப் போல நான்கு மடங்காவது வந்திருக்க வேண்டும். இரண்டரை கிலோவில் பிறந்தது பத்துக் கிலோ. அதைவிட முக்கியம், அது தானாகத் தீவனம் தின்னப் பழகியிருக்க வேண்டும். தாய் நுழைய முடியாத சிறு அடைப்பில் மூன்றாம் வாரத்திலிருந்தே கொஞ்சம் மாவுத் தீவனமும் காய்ந்த கடலைக்கொடியும் வைத்தால் பழகிவிடும்.

பிரிக்கும் நாளில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யாதீர்கள். தாயும் போய், இடமும் மாறி, தீவனமும் மாறி, அன்றைக்கே ஊசியும் போட்டால் குட்டி தாங்காது. குட்டிகளைப் பழகிய பட்டியிலேயே விட்டுத் தாய்களை அப்புறப்படுத்துங்கள். பக்கத்துத் தோட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. குரல் கேட்கும் தூரத்தில் கட்டினால் மூன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. பாவமாக இருக்கிறதே என்று கம்பும் சோளமும் அள்ளி வைப்பதும் ஆபத்துதான். திடீர் தானியம் வயிற்றைக் கெடுக்கும், துள்ளுமாரி என்கிற குடல்நஞ்சு நோய்க்கும் வழி விடும். அதற்கான தடுப்பூசியைப் பிரிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

தாய்க்கு இரண்டு மூன்று நாள் முன்பே அடர்தீவனத்தை நிறுத்திவிட்டால் பால் தானாக வற்றும். அப்படியும் மடி கல்லாகிச் சூடாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பிரித்த குட்டிகளைக் கிடாய், பெட்டை என்று தனித்தனியாக்க மறந்துவிடுவார்கள். நாங்களும் மறந்தோம். ஐந்து மாதக் குட்டிக்கு என்ன தெரியும் என்று விட்டதில், அதே வயதுள்ள ஒரு பெட்டைக்குட்டி சினையானது. அதன் உடம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. போட்ட குட்டி ஒரு வாரம் கூடத் தங்கவில்லை, தாயும் அதற்குப் பிறகு தேறவே இல்லை. வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது வரும்வரை பெட்டைக்குட்டியைக் கிடாயிடம் விடக் கூடாது. இப்போது நாலாம் மாதம் பிறந்ததும் கிடாய்க்குட்டிகளுக்கு வேலிக்கு அந்தப் பக்கம்தான் மேய்ச்சல்.