நின்றுபோன கைவினைப் போட்டி மறுபடி நடந்த கதை

எங்கள் மன்றத்தில் ஓவிய, கைவினைப் போட்டி மூன்று வருடமாக நடக்கவில்லை. உறுப்பினர்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். பழைய பதிவேட்டைப் புரட்டியபோது விஷயம் புரிந்தது: கடைசியாக நடந்த போட்டிகளில் எல்லாம் பரிசு வாங்கியவர்கள் அதே நான்கு பேர். மற்றவர்கள் எதற்கு வருவார்கள்?

புதியவர்கள், கைதேர்ந்தவர்கள் என்று இரண்டு பிரிவு வைத்தேன். படைப்புகளில் பெயருக்குப் பதில் எண் மட்டும். நடுவர்கள் வெளியாட்கள். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை முன்பே பலகையில் ஒட்டினோம். இதில் ஒரு மூத்த உறுப்பினருக்குக் கோபம். அப்புறம் புதியவர்களுக்குப் பின்னல் கற்றுத்தரச் சொன்னதும் சரியாகிவிட்டார்.

உண்மையில் ஆட்களைக் கொண்டுவந்தது அந்த வகுப்புதான். போட்டிக்கு முந்தைய ஆறு வாரமும், வாரம் ஒரு மாலை மன்றத்திலேயே உட்கார்ந்து செய்தோம். வீடுகளில் பாதியில் கிடந்த தையலும் பின்னலும் வெளியே வந்தன. நூல் தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கடன்.

பார்வையாளர் வாக்குக்கும் ஒரு பரிசு வைத்தோம். அதை வென்றது, பூனையா யானையா என்று தெரியாத ஒரு துணிப் பொம்மை. நடுவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.