அடிக்கோட்டைத் தேடிய ஸ்கிரிப்ட்

லினக்ஸில் ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் நகலாக வைக்கும் ரெய்டு 1 நன்றாக ஓடினால், அதன் நிலையைச் சொல்லும் எம்டிஸ்டாட் கோப்பு இரண்டு ‘யூ’ (U) காட்டும். ஒரு டிஸ்க் போனால் அதன் இடத்தில் ஓர் அடிக்கோடு (_) வரும். நான் எழுதிய நிலை காட்டும் கருவியும் அதே வரியைத்தான் அச்சிட்டு வந்தது. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று ‘நலம்’, ‘குறை’ என மாற்றினேன். இரவில் ஓடும் பழைய ஸ்கிரிப்ட் ஒன்று என் கருவி அச்சிடும் வரியில் அந்த அடிக்கோட்டைத்தான் தேடும். அது கண்ணில் படாததால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டது. ஒரு டிஸ்க் செத்து இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. மொத்தத் தரவும் மிச்சமிருந்த ஒரே டிஸ்கில் நின்றதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

டிஸ்கை மாற்றி, புது டிஸ்குக்குத் தரவை நகலெடுக்கும் ரீபில்ட் முடிந்த பிறகுதான் நிரலைத் தொட்டேன். பழைய வரியை ஓர் இடைவெளிகூட மாறாமல் திரும்ப வைத்தேன். புதிய வடிவம் தனி ஆப்ஷன் கொடுத்தால் மட்டும். அப்புறம் ஸ்கிரிப்டையும் திருத்தினேன். ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கட்டளையை டீடெயில், டெஸ்ட் ஆப்ஷன்களோடு ஓட்டினால், எல்லாம் நலம் என்றால் 0, ஒரு டிஸ்காவது பழுதென்றால் 1, ரெய்டே பயன்படாது என்றால் 2, தகவலே எடுக்க முடியாவிட்டால் 4 என்ற எண்ணைத் தந்து வெளியேறும். இப்போது 0 தவிர எது வந்தாலும் போனுக்கு எச்சரிக்கை வருகிறது.