எஞ்சினுக்குள்ள அனாதையா ஒரு பீஸ் கிடந்தா என்ன பண்றது?

என் கார் எஞ்சினோட மேல்மூடி, அதான் டேப்பட் கவர், அது ஓரமா ஆயில் கசியுதுன்னு கேஸ்கட் (கவருக்கு அடியில வர்ற ரப்பர் பட்டை) மாத்த ஒரு ஞாயித்துக்கிழமை காலைல வீட்டு வாசல்லயே உக்காந்தேன். பத்து நம்பர் போல்ட்தான், அரைமணி நேர வேலை. கவரைத் தூக்கினா மூணாவது சிலிண்டர் பக்கத்துல, ஆயில் கீழ இறங்குற ஓட்டைக்கு ஓரமா, சுண்டுவிரல் நகத்தைவிட சின்னதா ஒரு உலோகத் துண்டு கிடக்கு. நான் கவரைத் தவிர எதையுமே கழட்டல, அப்ப இது எங்கருந்து வந்துச்சு?

"மாப்ள, ஒரு செல்ஃப் அடிச்சுப் பாப்போம், சத்தம் வருதான்னு தெரிஞ்சுடும்"னு மச்சான் சொன்னாரு. தயவுசெஞ்சு இதை மட்டும் பண்ணிடாதீங்க. சாவியை வீட்டுக்குள்ள வச்சுட்டு பேட்டரி நெகட்டிவ்வை கழட்டிடுங்க. கழண்டது எதுன்னு தெரியாம ஓட்டுனா நூறு ரூபா சாமானுக்காக ஹெட்டையே (சிலிண்டருக்கு மேல உக்காந்து வால்வெல்லாம் தாங்குற பாகம்) இறக்குற மாதிரி ஆயிடும்.

அடுத்து, கையை வைக்காம அது கிடக்குற இடத்தை நாலு போட்டோ எடுத்துக்கோங்க, எந்தப் பக்கத்துல கிடந்துச்சுங்கறதே பாதி பதில். அப்புறம் ஆயில் ஓட்டைல துணியைத் திணிச்சுட்டு காந்தக் குச்சியால எடுங்க, கையால எடுத்தா வழுக்கி உள்ள போயிடும், போச்சுன்னா எஞ்சின் அடில ஆயில் தேங்குற சம்ப்பைக் கழட்டணும்.

காந்தத்துல ஒட்டுச்சுன்னா இரும்பு: வாஷர், சர்க்ளிப், வால்வ் லாக், உடைஞ்ச ஸ்ப்ரிங், இந்த மாதிரி ஏதாச்சும். ஒட்டாம வெள்ளையா லேசா இருந்தா அலுமினியம், அது ஹெட்ல உடைஞ்சிருக்கலாம், கவலைப்பட வேண்டிய கேஸ். பிளாஸ்டிக் துண்டுன்னா பெரும்பாலும் டைமிங் செயின் உரசிப் போற கைடுதான், காலைல ஸ்டார்ட் பண்றப்ப கொஞ்ச நேரம் கலகலன்னு சத்தம் வருதான்னு யோசிச்சுப் பாருங்க. ரப்பர் புழு மாதிரி நீளமா இருந்தா யாரோ அள்ளி அப்புன சிலிக்கான் பேஸ்ட், சாதாரணமா நினைக்காதீங்க, அது ஆயிலை வடிகட்டுற வலையை, அதான் ஸ்ட்ரெய்னரை அடைச்சா எஞ்சினே காலி. துண்டா இல்லாம ஆயில்ல ஜிகினாத்தூள் மாதிரி மினுக்குச்சுன்னா பேரிங் தேயுது, வண்டியை டோ பண்ணிட்டுப் போங்க.

என்னுது ஒட்டுச்சு. துடைச்சுப் பாத்தா அரைவட்டமா வளைஞ்சிருக்கு, வெளிப்பக்கம் கீழ போகப் போக சரிவு, உள்பக்கம் மெல்லிசா ஒரு வரம்பு. வால்வ் லாக்! எனக்கு கை நடுங்கிடுச்சு, ஏன்னா சிலிண்டருக்கு காத்தும் புகையும் போய்வர்ற வழியைத் திறந்து மூடுற ஒவ்வொரு வால்வுக்கும் இந்த லாக் ரெண்டு, வால்வ் தண்டைக் கவ்வி ஸ்ப்ரிங்கோட சேத்துப் புடிச்சிருக்கறதே இதுங்கதான், ரெண்டுல ஒண்ணு கழண்டா வால்வ் சிலிண்டருக்குள்ள விழும், பிஸ்டன் அதை மேல அடிக்கும்.

சரி, எண்ணிப் பாக்கலாம். என் வண்டி நாலு சிலிண்டர், எட்டு வால்வ், அப்ப பதினாறு லாக் இருக்கணும். ராக்கர் டைப் (வால்வை ஒரு சின்ன நெம்புகோல் அமுக்குற மாதிரி) எஞ்சின்கறதால டார்ச் அடிச்சா ஸ்ப்ரிங் தட்டுக்கு நடுவுல தண்டு முனையும் அதைச் சுத்தி ரெண்டு அரைவட்டமும் தெரியும் (மேல பக்கெட் கவுத்து வச்ச டைப்னா தெரியாது, வால்வைத் திறக்க வைக்கிற தண்டை, அதான் கேம்ஷாஃப்ட்டைத் தூக்கணும், அது மெக்கானிக் வேலை). ராக்கர் மறைக்கிற இடத்துக்கு, வண்டியை நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து ஸ்பார்க் பிளக்கெல்லாம் கழட்டிட்டு எஞ்சின் ஓரத்துல கீழ பெல்ட் ஓடுற கிராங்க் புல்லியோட நடு போல்ட்டை சாக்கெட்டால மெதுவா சுத்துங்க. பொதுவா கடிகாரம் சுத்துற திசைதான், பழைய ஹோண்டா எஞ்சின் சிலது மட்டும் எதிர்ப்பக்கம். எங்கயாச்சும் டக்குன்னு முட்டுச்சுன்னா அதோட நிறுத்திடுங்க, முரட்டுத்தனம் வேணாம்.

ரெண்டு தடவ எண்ணினேன். பதினாறும் இருக்கு, எட்டு தண்டும் வால்வ் மூடியிருக்கறப்ப ஒரே உயரம்.

அப்ப கையில இருக்கறது பதினேழாவது! மறுபடி உத்துப் பாத்தப்பதான் கவனிச்சேன், சரிவுல உரசின தடமே இல்ல, அடிப்பக்கம் மட்டும் பழுப்பா ஆயில் கறை படிஞ்சிருக்கு, ஹெட்ல அது கிடந்த இடத்துலயும் அதே வடிவத்துல கறை. அதாவது வேலையே பாக்காம ரொம்ப நாளா ஒரே இடத்துல படுத்திருக்கு. டேஷ்போர்டுல பழைய பில்லைத் தேடினா ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஒர்க்‌ஷாப்ல வால்வ் சீல் (வால்வ் தண்டு வழியா ஆயில் இறங்காம தடுக்குற ரப்பர்) மாத்தியிருக்கோம். ஸ்ப்ரிங்கை அமுக்குறப்ப லாக் தெறிச்சு ஓடியிருக்கும், தேடிப் பாத்துட்டு வேற ஒண்ணைப் போட்டு மூடிட்டாங்க போல. சொல்லியிருந்தா நான் ஒண்ணும் சண்டை போட்டிருக்க மாட்டேன்.

உங்களுக்கு லாக் ஒண்ணு குறைஞ்சா செல்ஃப் அடிக்காம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. எல்லாம் சரியா இருந்தும் துண்டு எங்கருந்து வந்துச்சுன்னு தெரியலன்னா, பேட்டரியை மாட்டிட்டு கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டர்லயும் எவ்வளவு அழுத்தம் ஏறுதுன்னு மீட்டர் வச்சுப் பாக்கறது) பண்ணுங்க. பெட்ரோல் எஞ்சின்ல பொதுவா 150லருந்து 200 பிஎஸ்ஐக்குள்ள வரும், ஆனா நம்பரைவிட நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட சமமா இருக்காங்கறதுதான் விஷயம். ஒண்ணு மட்டும் ரொம்ப இறங்கியிருந்தா போன்ல மாட்டுற குட்டி கேமராவை பிளக் ஓட்டை வழியா விட்டு பிஸ்டன் தலைல அடிபட்ட பள்ளம் இருக்கான்னு பாருங்க. அங்க பள்ளம் தெரிஞ்சா நம்ம வேலை முடிஞ்சுது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

திணிச்ச துணியை எடுக்க மறக்காதீங்க, நான் கவரை வச்சப்புறம்தான் ஞாபகம் வந்து மறுபடி தூக்கினேன். கவர் போல்ட்டை இறுக்கறப்ப 10 நியூட்டன் மீட்டர் சுமார் போதும், அதுக்கு மேல போனா ஹெட் அலுமினியம்ங்க, மரை போயிடும்.