ஒரு மீட்டர் பலகையில் ரயில் யார்டு: இடம் குறைந்தவர்களுக்கான மாதிரி ரயில் செய்முறை

மாதிரி ரயில் அமைக்க ஆசைப்படுபவர்களில் பலர் முதலில் எஞ்சினை வாங்கிவிட்டு, அதன் பிறகே அது ஓடுவதற்கு இடம் தேடுகிறார்கள். இடம் குறைந்தவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். இருக்கும் இடமே ஸ்கேலையும் (உண்மை ரயிலை எத்தனை மடங்கு சிறிதாக்குகிறோம் என்ற விகிதம்), ஸ்கேலே பாதையின் வடிவத்தையும் தீர்மானிக்கும்.

முதற்படி, அளவெடுத்தல். பலகையைச் சுவரோரம் வைப்பதானால் அதன் அகலம் 60 முதல் 70 செ.மீ.க்குள் இருக்கட்டும், அதற்கு மேல் போனால், பின்பக்கத்தில் தடம் புரண்ட பெட்டியை எடுக்கக் கை எட்டாது.

இரண்டாவது, ஸ்கேல். எச்.ஓ. என்பது 1:87 விகிதம். அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ‘என்’ (N) ஸ்கேல் 1:160, இடைவெளி 9 மி.மீ. உண்மையில் 20 மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி எச்.ஓ.வில் ஏறத்தாழ 23 செ.மீ., என் ஸ்கேலில் 12.5 செ.மீ. ஆகிறது. இவற்றினும் சிறிய இசட் ஸ்கேல் (1:220) இருந்தாலும், தண்டவாளத்தில் படியும் சிறு தூசுகூட அதன் எஞ்சினை நிறுத்திவிடும் என்பதால், புதியவர்கள் என் ஸ்கேலில் தொடங்குவதே நல்லது.

மூன்றாவது, பாதையின் வடிவம். அவசரம் வேண்டாத இடம் இதுதான். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வட்டப்பாதை. என் ஸ்கேலில் 25 செ.மீ. ஆரமுள்ள வளைவுகளுக்கே ஏறத்தாழ 60 செ.மீ. அகலப் பலகை தேவை. ஒரு பாதைக்கு மேல் இன்னொன்றைப் பாலமாகக் கொண்டுசெல்லலாமே என்றால், 5 செ.மீ. உயரம் ஏறுவதற்கு 2 சதவீதச் சரிவில் இரண்டரை மீட்டர் நீளம் வேண்டும், இறங்குவதற்கும் அவ்வளவே. சிறிய பலகைக்குப் பாலம் சரிப்படாது.

அதைவிடச் சிறந்த வழி, ரயிலைச் சுற்றவிடாமல் ஷண்டிங் செய்வது, அதாவது எஞ்சினால் வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்திப் பிரித்துச் சேர்ப்பது. பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ரைட் வடிவமைத்த ‘இங்கிள்நுக் சைடிங்ஸ்’ இதற்குப் பெயர்பெற்றது. இரண்டு பாயிண்டுகள் (ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்புகள்), மூன்று கிளைப்பாதைகள், எட்டு வேகன்கள் இருந்தால் போதும். ஒரு கிளையில் ஐந்து வேகன்களுக்கும் மற்ற இரண்டில் மும்மூன்றுக்கும் இடம் இருக்கும்; எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் பாதையில் எஞ்சினோடு மூன்று வேகன்கள் மட்டுமே அடங்க வேண்டும். எட்டில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து, சீட்டு வந்த அதே வரிசையில் ரயிலாகக் கோக்க வேண்டும் என்பதே விதி. அப்படி 6,720 வரிசைகள் அமையலாம் என்பதால், விளையாட்டு எளிதில் சலிக்காது. வேகன் 6 செ.மீ., எஞ்சின் 8 செ.மீ., பாயிண்ட் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12.5 செ.மீ. என்று கொண்டால், மொத்த நீளம் 81 செ.மீ.தான் வரும். ஒரு மீட்டர் நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பலகை தாராளம்.

நான்காவது, பலகையும் தண்டவாளமும். வளையாத ப்ளைவுட்டின் மேல் மெல்லிய கார்க் ஷீட்டை ஒட்டினால் சத்தம் குறையும். பாதையை உடனே ஒட்டிவிடாமல் வெறுமனே வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை ஓட்டும்போது தட்டுப்படும் மேடு எதுவானாலும், பின்னர் வேகன் தடம் புரளப்போகும் இடம் அதுவே.

ஐந்தாவது, மின்சாரம். ஒரே எஞ்சின் ஓடும் இந்தப் பாதைக்குச் சாதாரண 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் போதும். டிஜிட்டல் முறை இப்போதைக்குத் தேவையில்லை. ஆனால் எஞ்சின் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பாயிண்டில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் பகுதி சில தயாரிப்புகளில் பிளாஸ்டிக்கால் ஆனது. எல்லாச் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்காத குட்டி எஞ்சின் அங்கே நின்றுவிடும். ஷண்டிங்கில் எஞ்சின் ஊர்ந்து செல்ல வேண்டியிருப்பதால் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். வேகன்களை ஒன்றோடொன்று இணைக்கும் கொக்கிகளான கப்ளிங்குகள் எல்லாம் ஒரே வகையாக இருக்கின்றனவா என்பதையும் வாங்கும்போதே பாருங்கள்.

இனி சோதனை. வேகன்களை இழுத்துப் பார்ப்பது போதாது. மூன்று வேகன்களைச் சேர்த்து, மிக மெதுவாகப் பாயிண்டுகளின் வழியே பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். பலமுறை தள்ளியும் தடம் புரளாவிட்டால் பாதையை ஒட்டிவிடலாம்.

இயற்கைக் காட்சி வேலைகள் இதன் பிறகுதான். பின்புறம் முழுக் கட்டடங்களுக்குப் பதிலாக முகப்புகளை மட்டும் நிறுத்தினால் இடம் மிச்சமாகும். ஜல்லியைத் தூவி, ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாயிண்டின் நகரும் பகுதிகளின் பக்கம் மட்டும் பசை போகவே கூடாது. காய்ந்தபின் தண்டவாளத்தின் மேற்பரப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு எஞ்சினை வையுங்கள்.